வரப்புக்கு அந்தப் பக்கம்

பன்றிகள் என் மரவள்ளிக் காட்டுக்குள் மட்டும் ஏன் இறங்குகின்றன என்பது முதலில் எனக்குப் பிடிபடவில்லை, இன்ஸ்பெக்டர் ஐயா. வரப்புக்கு அந்தப் பக்கம் என் தங்கை வசந்தாமணியின் புருஷன் செங்கோட்டையனின் காடு. அங்கேயும் அதே கிழங்குதான். அதில் ஒரு செடிகூடச் சாயவில்லை. என் பக்கத்தில் வருஷப் பயிர் பாதி போய்விட்டது.

அப்புறம் புரிந்தது. தேர்தல் அறிவித்ததும் லைசென்ஸ் துப்பாக்கியை ஸ்டேஷனில் ஒப்படைக்கச் சொன்னீர்கள். நான் முதல் ஆளாகக் கொண்டுவந்தேன். செங்கோட்டையனிடம் இருந்தது நாட்டுத் துப்பாக்கி. லைசென்ஸே இல்லாததை யார் போய்க் கேட்பது? அவன் சுடுவான், பன்றி வரப்பைத் தாண்டி என்னிடம் வரும். துப்பாக்கியால் பன்றி குறைவதில்லை ஐயா, இடம் மாறுகிறது. அதனால்தான் ஒருவன் வாங்கினால் பக்கத்துக் காட்டுக்காரனும் வாங்குகிறான். பனமரத்துப்பட்டி சுற்றுவட்டாரத்தில் இத்தனை திருட்டுத் துப்பாக்கி சேர்ந்தது இப்படித்தான்.

பிறகு நீங்கள் இன்னொன்று அறிவித்தீர்கள். கள்ளத் துப்பாக்கிகளை ஊர்ப் பொது இடத்தில் வைத்துவிட்டுப் போனால் பெயர் கேட்க மாட்டோம், வழக்கும் இல்லை என்று. நல்ல ஏற்பாடு. செங்கோட்டையனிடம் பொறுமையாக எடுத்துச் சொன்னேன்.

"ஏனுங்க மச்சான், நீங்க போலீசுக்கு வேல பாக்கறீங்களா, பன்னிக்கு வேல பாக்கறீங்களா?" என்று சிரித்தான்.

"சட்டம்னு ஒண்ணு இருக்குதல்ல மாப்ள?"

"இருக்கட்டுங்க. அத உங்க காட்டுல காவலுக்கு நிறுத்திக்கோங்க."

நான் கோபப்படவில்லை. அவன் துப்பாக்கியை வெடிமருந்து கெட்டித்தபடியே மோட்டார் ரூமில் மாட்டி வைப்பது வழக்கம். மறுநாள் விடியுமுன் அவன் மோட்டார் போட வந்தபோது அது என் கையில் இருந்தது. விடிந்ததும் கோயில் மைதானத்தில் மற்றவற்றோடு அதையும் வைத்தேன். நீங்களே வந்து எடுத்துக்கொண்டு ஊருக்கு நன்றி சொன்னீர்கள்.

அதற்குப் பிறகு, அவனைச் சுட்ட துப்பாக்கிக்காக எங்கள் கிணறுகளையெல்லாம் இறைத்துத் தேடினீர்கள். வீண் வேலை. அந்தத் துப்பாக்கி உங்கள் ஸ்டேஷனில்தான் இருக்கிறது.

வசந்தாமணிக்கு அரிசியும் பருப்பும் நான்தான் கொண்டுபோய்க் கொடுக்கிறேன். கூடப்பிறந்தவள், விட்டுவிட முடியுமா?

என் துப்பாக்கியைத் தேர்தல் முடிந்து திருப்பித் தந்தீர்கள். எண்ணெய் போட்டு வைத்திருக்கிறேன். இன்னும் ஒரு தடவைகூட எடுக்கவில்லை. காவல் இல்லாத காட்டுக்குத்தான் பன்றி போகும். இப்போது அது என் தங்கையின் காடு.