ஜேர்சிக்குச் சாயம் போட்டவன் நான்

இராணுவ ஹெலிகொப்டர் திரும்புகிறது. சத்தம் முதுகில் இடிக்கிறது. எட்டுச் சைக்கிள். வயல் ரோடு. இரண்டு பக்கமும் ஒரு மரமில்லை. வியாழக்கிழமை. பிற்பகல் மூன்று மணி இருபது.

"ஹெலி! ஹெலி! சைக்கிளை விட்டிட்டு ஓடுங்கோ!"

குகனின் குரல். எங்கள் கல்லூரிக் கூடைப்பந்து அணியின் தலைவன். நான் ஓடுகிறேன். மதகுக்குக் கீழே விழுகிறேன். முழங்கால்வரை சேறு. துப்பாக்கிச் சூடு தொடங்குகிறது. தட தட தட. நிற்கிறது. மறுபடியும் தட தட தட.

அன்றைக்கு இறுதிப் போட்டி. எட்டு மைல் தள்ளி, இன்னொரு கல்லூரியில். அந்தப் பருவத்தில் நாலு ஆட்டம் ஆடினோம். நாலிலும் வென்றோம். பாதிப் புள்ளி என்னுடையது. இல்லையென்று சொல்ல எவனும் இல்லை. படிப்பு எனக்கு ஏறவில்லை. பத்தாம் வகுப்பைத் தாண்டவில்லை. என் உயரத்துக்காகத்தான் கல்லூரி என்னை வைத்திருந்தது. சைக்கிள் பம்பால் பந்துக்குக் காற்றடித்தோம். குண்டுவீச்சு என்றால் பதுங்குகுழி. ஓய்ந்ததும் விட்ட இடத்திலிருந்து ஆட்டம்.

எங்கள் ஜேர்சி வெள்ளை. வெள்ளை நிறம், மேலே பறக்கிறவன் கண்ணில் படும் என்று எல்லோருக்கும் பயம். வழி சொன்னவன் நான். பெட்டி இழைக்கிற ஓலைக்குப் போடும் பச்சைச் சாயம் தேடிப் பிடித்தேன். பொருள் தடை இருந்த காலம். வேறு எவனாலும் முடிந்திருக்காது. கிடாரத்தில் போட்டு அவித்தேன்.

குகன் எட்டிப் பார்த்தான். "என்னடா, கீரைக்கறியோ? சோத்துக் கோப்பையோட வரட்டோ?"

"சிரி, சிரி. உன்ரை உயிரைக் காப்பாத்தப் போறது இதுதான்."

அப்படித்தான் சொன்னேன்.

சாயம் பிடிக்கப் போடும் உப்புப் போதவில்லை. சாயம் திட்டுத் திட்டாக ஏறியது. பரவாயில்லை என்றேன். போகும் இடத்தில் உடுப்பு மாற்ற ஒரு கட்டடம் மிஞ்சவில்லை. அதனால் ஏழு பேர் அதைப் போட்டுக்கொண்டே வரிசையாகச் சைக்கிள் மிதித்தார்கள். மேலிருந்து பார்க்கிறவனுக்கு அது ஆயுதம் தூக்கிய இயக்கப் பெடியளின் பச்சை வரிச் சீருடை. எனக்கு அது தோன்றவில்லை. குகனுக்குத் தோன்றியது. வயலில் கிடந்தபடி கத்தினான்.

"ஜேர்சியைக் கழட்டுங்கோடா! கழட்டி எறியுங்கோ!"

கழற்றுவதற்கு எழுந்தான். இரண்டு கையும் மேலே. தலை ஜேர்சிக்குள். அந்த நிலையிலேயே விழுந்தான். அவன் சொல்லைக் கேட்டு எங்கள் அணியின் நேசனும் யோகனும் எழுந்தார்கள்.

என் உடம்பில் சாதாரணச் சட்டை. ஏழாம் இலக்க ஜேர்சியை மடித்துப் பையில் வைத்திருந்தேன். வியர்வை படாமல் களத்தில் போட வேண்டும் என்ற பவுசு. அந்தப் பவுசுதான் என்னைத் தப்ப வைத்தது.

மாலை வானொலிச் செய்தியில் மூன்று பயங்கரவாதிகள் கொல்லப்பட்டார்கள் என்றார்கள். சுட்டது அவர்கள். சாயம் போட்டது நான். இரண்டையும் எழுத வேண்டும்.

பிறகு கனடாவுக்கு, மொன்ட்ரியாலுக்கு வந்தேன். தட்டுக் கழுவினேன். இன்றைக்கு மொன்ட்ரியால்-நோரில் இரண்டு உணவகம். கர்க்லாண்டில் வீடு. எல்லாம் இந்தக் கையால். போன மாதம் இங்குள்ள எங்கள் கல்லூரிப் பழைய மாணவர்கள் ஒரு நினைவு மலர் வெளியிட்டார்கள். முதல் பக்கத்தில் என் படம், கோட்டும் சூட்டும். அந்த வருடத்துக்கு ஒரே ஒரு வரி: 'நாட்டு நிலைமை காரணமாக இறுதிப் போட்டி நடைபெறவில்லை.'

மலர் தொகுத்த தம்பியிடம் கேட்டேன்.

"அண்ணை, இஞ்சத்தைப் பிள்ளையளுக்கு இதுகள் விளங்காது. விடுங்கோவன்."

"நிலைமை எண்டது ஆரின்ரை பேர் தம்பி? அவன் எந்த வகுப்பிலை படிச்சவன்?"

அவர் கைபேசியைப் பார்த்தார். அதனால் நானே எழுதுகிறேன். எழுத்துப் பிழை இருந்தால் இருக்கட்டும்.

குகன், பதினெட்டு வயது. நேசன், பதினேழு. யோகன், பதினாறு. யோகன் ஓர் ஆட்டத்திலும் இறக்கப்படாதவன். அன்றைக்கு இறக்குவதாகக் குகன் வாக்குக் கொடுத்திருந்தான். சைக்கிள் ஆறு. பந்து ஒன்று. எங்களோடு ஆடிய சிவாவின் வலது கால். சிவா இன்னும் ஊரில் இருக்கிறான். வருடாவருடம் அந்த நாளில் அவனுக்குத் தொலைபேசி எடுக்கிறேன். மணி அடிக்கிறது. அவன் எடுப்பதில்லை.