ஒண்ணும் இல்ல என்று சொன்னேன்

எம்.எம்.ஏ. என்கிற கலப்புச் சண்டை வகுப்பில் முதல் மாதம் யாருக்கும் குத்தக் கற்றுக்கொடுக்க மாட்டார்கள். விழத்தான் கற்றுக்கொடுப்பார்கள். முகவாயை நெஞ்சோடு ஒட்டி, முதுகை வளைத்து, கையால் பாயை அறைந்து விழ வேண்டும். முப்பத்தொன்பது வயதில் நான் அதை ஒழுங்காகக் கற்றுக்கொண்டேன். நீங்களும் சேர நினைத்தால் தாராளமாகச் சேரலாம். உடம்புக்கு நல்லது.

ஸ்டேஷனுக்கு வெளியே பெஞ்சில் எங்கள் கோச்சை இரண்டு நாளாக உட்கார வைத்திருக்கிறீர்கள். அவரை வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள். அவர்மேல் ஒரு தப்பும் இல்லை. அதைச் சொல்லத்தான் நானாக வந்தேன்.

எனக்கு வேலை ஸ்கேன் சென்டரில். பதினாறு வருடமாகிறது. வருகிறவர்களைப் படுக்க வைப்பேன், அசையாதீங்க என்பேன், கண்ணாடிக்குப் பின்னால் போய்ப் படம் எடுப்பேன். படத்தைப் பார்த்து என்ன நோய் என்று எழுதுவது டாக்டர். நான் வாய் திறக்கக் கூடாது. வீட்டிலும் ஏறக்குறைய அதே கதைதான். தம்பி பேசுவான், நான் தலையாட்டுவேன். என்னைவிட நான்கு வயது சின்னவன், கலகலப்பானவன். எங்கே போனாலும் என்னை ‘அவரோட அண்ணன்’ என்றுதான் சொல்வார்கள். அதில் எனக்கு வருத்தம் இருந்ததில்லை.

இந்த வகுப்பு மட்டும் நானாகத் தேடிப் போனது. டயர் கடைக்கு மேல்மாடி. நீலப் பாய், வியர்வை வாடை, தையல் பிரிந்த இரண்டு குத்துப்பைகள். முதல் நாள் கைக்குத் துணிப்பட்டை சுற்றத் தெரியாமல் கட்டைவிரலையும் சேர்த்துக் கட்டிவிட்டேன். எல்லாரும் சிரித்தார்கள். கோச் சிரிக்கவில்லை. அவிழ்த்து, பொறுமையாகச் சுற்றிக் காட்டினார். இரண்டாம் மாதம் ஒருநாள் என் உதையைப் பார்த்துவிட்டு, “பரவால்லையே சார், இடுப்பு நல்லா திரும்புதே” என்றார். அன்று பஸ் ஏறத் தோன்றவில்லை. வீடுவரை நடந்தே போனேன்.

பிறகு ஒரு மழை நாளில் தம்பி என்னை அழைத்துப்போக வந்தான். ஓரமாக உட்கார்ந்து பார்த்தவன், “சும்மா உக்காந்திருக்கறதுக்கு நானும் கொஞ்சம் குதிச்சுப் பாக்கறேனே” என்று செருப்பைக் கழற்றினான்.

மூன்றே வாரம். நான் நான்கு மாதமாகத் தட்டுத்தடுமாறிய காலை வாரி வீழ்த்துகிற பிடி அவனுக்குத் தண்ணீர் குடிப்பது போல வந்துவிட்டது.

“உங்க தம்பிக்கு இது ரத்தத்துலயே இருக்கு சார்” என்றார் கோச்.

“ரெண்டு பேருக்கும் ஒரே ரத்தம்தான் சார்” என்றேன். அவர் அதை ஜோக் என்று நினைத்துக்கொண்டார்.

அவன் என்னை மட்டம் தட்டியதே இல்லை. அதை நான் சொல்லியாக வேண்டும். எல்லார் முன்னாலும் என் முழங்கையைப் பிடித்து, “அண்ணா, இங்க வா, இப்படி வை, நான் சொல்லித் தர்றேன்” என்பான். அவ்வளவு அன்பாகச் சொல்வான்.

புதியவர்களுக்கான போட்டி ஒன்று வந்தது. கோச் அவன் பெயரை மட்டும் கொடுத்தார். அதற்கு இரண்டு வாரம் முன்பு ஒரு செவ்வாய்க்கிழமை, பயிற்சியில் யாருடைய முழங்காலோ தவறுதலாக அவன் இடது நெற்றிப்பொட்டில் பட்டது. இரண்டு நாளாகத் தலைவலி, வாந்தி. வியாழன் மதியச் சாப்பாட்டு நேரத்தில் சென்டருக்கு வந்தான்.

“ஒரு படம் எடுத்துப் பாத்துடு அண்ணா. அவகிட்ட சொல்லிடாத, வகுப்பையே நிறுத்திடுவா.”

அவன் மனைவியைச் சொன்னான். பெயர் பதியாமல் படம் எடுத்தேன். மண்டையோட்டுக்கு உள்பக்கம், இடதுபுறம், வெட்டிப்போட்ட நகம் போல மெல்லிய வெள்ளைக் கோடு. டாக்டர் சாப்பிடப் போயிருந்தார். தம்பி எழுந்து உட்கார்ந்து என் முகத்தையே பார்த்தான்.

“ஒண்ணும் இல்ல. நல்லா இருக்கு” என்றேன்.

அவன் என் தோளில் தட்டி, “உள்ள மூளைன்னு ஏதோ இருக்குன்னு ஒத்துக்கறியே, அதுவே போதும்” என்று சிரித்தான். அவன் போனதும் படத்தை அழித்தேன்.

பொய் சொன்னேன் என்று உடனே எழுதிவிடாதீர்கள். படம் படிக்க எனக்குத் தகுதி கிடையாது. தகுதி இல்லாதவன் பயமுறுத்துவது தப்பில்லையா. ஆனால் அதே ரத்தக்கசிவுக் கோட்டை வேறு ஆட்களிடம் பார்த்து டாக்டரைக் கூப்பிட ஓடியிருக்கிறேன். ஏழெட்டு முறை இருக்கும். ஒருமுறை செருப்புகூடப் போடாமல் ஓடினேன். அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

சனிக்கிழமை கோச் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். “தம்பி ஒரு மாதிரி இருக்காரே. தலைல அடி பட்டுச்சே, எங்கயாவது காட்டினீங்களா?”

“நானே ஸ்கேன் எடுத்தேன் சார். சுத்தமா இருக்கு.”

ஸ்கேன் வேலை பார்க்கிற ஆளே சொன்னால் அவர் வேறு என்ன செய்வார். அப்படியும் மனசு கேட்காமல், அன்றைக்குத் தம்பியோடு மோத என்னையே நிறுத்தினார். “உங்க கைதான் மெது. சும்மா தொட்டுத் தொட்டு ஆடுங்க” என்று சொல்லிவிட்டு அந்தப் பக்கம் மற்றவர்களைப் பார்க்கப் போனார்.

“அண்ணா, ஹெட்கார்டு இறுக்குது. தலை விண்ணுனு தெறிக்குது” என்றான் தம்பி.

“அப்ப கழட்டிடு. நான்தானே” என்றேன்.

தலைக்கவசத்தைக் கழற்றினான். ஒரு குத்துதான் விட்டேன் என்று அன்று ஆஸ்பத்திரியில் சொன்னேன். ஒன்று இல்லை, மூன்று. மூன்றும் இடது பக்கம். முதல் குத்துக்கு அவன் சிரித்தான். இரண்டாவதுக்குக் கையைத் தாழ்த்தி, “இரு அண்ணா” என்றான். மூன்றாவதுக்கு என் இடுப்பு நன்றாகத் திரும்பியது. அன்றுதான் சரியாக வந்தது. கோச் பார்க்கவில்லையே என்று ஒரு கணம் நினைத்தேன்.

மண்டையைத் திறந்து ரத்தத்தை எடுத்தார்கள். உயிர் தப்பிவிட்டது. வலது கையும் காலும் அசைவதில்லை, பேச்சும் இல்லை. ஆறு வாரமாக ஒருநாள் விடாமல் போகிறேன். முகம் துடைத்துவிடுகிறேன், சட்டை மாற்றிவிடுகிறேன். கரண்டியை எப்படிப் பிடிப்பது என்று நான்தான் சொல்லித் தருகிறேன். எத்தனை முறை என்றாலும் பொறுமையாகச் சொல்லித் தருகிறேன். நாங்கள் இவ்வளவு ஒட்டுதலாக இருந்தது சின்ன வயதில்கூட இல்லை.

எழுதியதைக் கொடுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். ஒரே ஒரு விண்ணப்பம். சாயங்காலம் ஒரு மணி நேரம் என்னை அவனிடம் விட ஏற்பாடு செய்யுங்கள். நான் உள்ளே நுழைந்ததும் அவன் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொள்கிறான், ஊட்டினால் பல்லைக் கடித்துக்கொள்கிறான். இனி வராதீங்க என்கிறாள் அவன் மனைவி. பாவம், அவளுக்குப் புரியவில்லை. வாய் ஒரு பக்கம் கோணிவிட்டதல்லவா, அண்ணன் முன்னால் அவனுக்குக் கூச்சம்.