பார்க்குக்கு எதுத்த வீடு

போட்டோவ இன்னொருக்கா குடுங்க தம்பி, வெளிச்சத்துல பாக்குறேன். ம்ஹூம். இந்த மொகத்த நான் பாத்ததில்ல. உங்க தங்கச்சியா? பேரு முத்துத்தாயா? லட்சணமான புள்ள. யாரு கூட வந்துச்சு? ஓ... சரி சரி, நான் ஒண்ணும் கேக்கல.

அட, எந்திரிக்காதீங்க. வீடு வீடாப் போயித் தட்டுவீங்களாக்கும்? மத்தியானம் மூணு மணிக்கு எவன் கதவத் தொறப்பான்? மொத்தம் இருவத்தேழு வீடு. எதுல யாரு இருக்கான்னு நானே சொல்றேன். சக்கர இருக்குன்னு டாக்டரு நடக்கச் சொல்லிட்டாரா, பொழுது சாஞ்சா இந்தப் பார்க்கச் சுத்திச் சுத்தி வாரவ நான். எனக்குத் தெரியாம இங்க ஒரு பூனை குடிவர முடியாது. மோரக் குடிங்க. பையக் கீழ வைங்களேன். வேணாமா? சரி, மடியிலயே இருக்கட்டும்.

இதெல்லாம் சோளக்காடு தம்பி. எழுவத்தொம்பதுல பிளாட்டுப் போட்டு, நடுவுல பார்க்குக்குன்னு எடம் விட்டு, வேம்பும் புங்கமும் வச்சாக. இப்ப என்னா நெழலு பாருங்க. டவுன்லருந்து குடிவாரவுகளுக்கு மொத வாரம் தூக்கமே வராது, அம்புட்டு அமைதி. மயிலு மாடியில வந்து நிக்கும்.

சொல்றேன், சொல்றேன். மொத வீடு மொக்கைச்சாமி வாத்தியாரு. அடுத்தது பூட்டிக் கெடக்கு. மூணாவதுல புதுசா ஒரு சோடி... அட உக்காருங்க, அவுகளுக்கு அம்பது வயசு. வீட்டுக்குத்தான் புதுசு.

வழியா? வண்டி போக ஒரே ரோடுதான். அதான் உங்ககூட வந்த மச்சான் டீக்கடைகிட்ட ஜீப்ப மறிச்சுப் போட்டு நிக்கிறாரே. மத்ததெல்லாம் நடபாதை. ஒண்ணு கம்மாக்கரை மேல போகும். இன்னொண்ணு கீழக்குயில்குடிக்கு, மலையடிவாரம். ஞாயித்துக்கெழம புள்ளகுட்டியோட நடக்க வருவாக.

மோரு அப்பிடியே இருக்கே, குடிங்க.

ஒரு விசயம் சொல்லட்டுமா தம்பி? நாங்க முன்ன கொட்டாம்பட்டிக்கு அந்தப் பக்கம் இருந்தோம். எதுத்த வீட்டுக்கு ஒரு சோடி வந்துச்சு. அவ பேரு சுந்தரம்மாள். வேத்து சாதியில கட்டிக்கிட்டு வந்த புள்ள. எங்கிட்ட மட்டும் சொல்லியிருந்துச்சு. ஒருநா உங்க வயசுல ஒருத்தன் வந்தான். கும்பிட்டான். அக்கா, ஆத்தா படுத்த படுக்கையாக் கெடக்கு, தங்கச்சிய ஒருக்காப் பாக்கணுங்குதுன்னான். எனக்குப் பாவமாப் போச்சு. அந்தா, அந்த ஓட்டு வீடுன்னு இந்தக் கைய நீட்டிக் காமிச்சேன்.

ஒலையில அரிசி போடல தம்பி. அதுக்குள்ள சத்தம் கேட்டுருச்சு.

கோர்ட்டுல கூட என்னைய யாரும் தப்பாச் சொல்லல. கேட்டான், காமிச்சீகன்னு விட்டுட்டாக. அவன் பொய்யும் சொல்லல பாத்துக்கங்க. ஆத்தாகாரி நெசமாவே படுத்துத்தான் கெடந்துச்சாம். மகளும் போயி, மகனும் ஜெயிலுக்குப் போயி, ஒத்தையில கெடந்து செத்துச்சு. அந்தத் தெருவுல அப்புறம் என்னால வாசத் தெளிக்க முடியல. எங்கிட்டாவது ஆளில்லாத எடமாப் பாருங்கன்னு எங்க வீட்டுக்காரர அரிச்சு எடுத்துத்தான் இங்க வந்தது.

உங்க ஆத்தா இருக்காகளா? ஏன் தலையக் குனியிறீங்க?

உங்க வாச்சுல மணி என்னா? மூணு இருவதா? சரி. இனிமே நீங்க எந்திரிக்கலாம். மத்த வீட்டையெல்லாம் தட்ட வேணாம். நீங்க வாசல்ல செருப்பக் கழட்டும்போது உங்க தங்கச்சி எங்க அடுப்படியிலதான் தேங்கா துருவிக்கிட்டு இருந்துச்சு. பின்னாடி குச்சுவீட்டுலதான் ரெண்டு பேரும் மூணு மாசமா இருந்தாக. கொல்லப்பக்கமா இன்னொரு பாதை இருக்கு, ஒங்ககிட்ட நான் சொல்லல. தேனி ரோட்டுக்குக் கா மணி நேர நடை. அந்தப் பையன் மில்லுவேல முடிஞ்சு மூணு மணிக்கு அங்கதான் எறங்குவான். இந்நேரம் ரெண்டு பேரும் பஸ் ஏறியிருப்பாக.

எந்த ஊரு பஸ்ஸா? தெரியாது தம்பி. மடியில இருக்க அந்தப் பையத் தொறந்து உள்ள இருக்கறத எடுத்தாலும் தெரியாது. மோரு எடுக்க உள்ள போனப்ப அந்தப் புள்ள சொல்லத்தான் வந்துச்சு. எங்கிட்ட மட்டும் சொல்லாத தாயின்னு வாயப் பொத்தி அனுப்பிச்சுட்டேன்.