சாப்பாட்டு மேசையில் ஓர் இடம்

— தலைய ஆட்டாதடா, கத்தரிக்கோல் பட்டுக் காது போயிடும். அப்புறம்? அந்த இஸ்திரி அண்ணன் என்ன சொன்னாரு?

— “இங்க வா தம்பி, எங்ககூட உக்காந்து சாப்பிடு”ன்னாருக்கா. சலவைக்கூடத்துல சேர்ந்து ஏழு மாசம் ஆச்சு. இன்னைக்குத்தான் ஒருத்தர் கூப்பிட்டிருக்காரு.

— அட என் ராசா! உக்காந்தியா?

— உக்காந்தேன். டாக்டரம்மா சொல்லிக் குடுத்த மாதிரியே செஞ்சேன். மூஞ்சியப் பாத்தேன், ஆனா முறைக்கல. ஒரு கேள்வி கேட்டேன். அவங்க பதில் சொல்லி முடிக்கற வரைக்கும் வாயத் தொறக்கல.

— என்ன கேட்ட?

— “உங்களுக்குப் போர்வை மடிக்கப் பிடிக்குமா?”ன்னு.

— நல்லாக் கேட்ட போ! சிரிச்சாங்களா?

— சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன், கொஞ்சம் லேட்டா.

— அது போதும். குனி, பின்கழுத்து காடு மாதிரி கெடக்கு. அடுத்த தடவையாச்சும் கடைக்குப் போய் வெட்டிக்கக் கூடாதா?

— கடையில பேச்சுக் குடுப்பாங்க. அது அடுத்த பாடம்.

— ஆமா, பெரிய பாடம்!

— அக்கா, இந்த மாத்திரை ஒத்துக்கிட்டதுல இருந்து காதுக்குள்ள ஒரு குரலும் இல்ல. நல்லதுதான். ஆனா படிக்கட்டுல தனியா உக்காந்து சாப்பிடறப்போ, திட்டறதுக்காவது யாராச்சும் இருந்தா தேவலைன்னு இருக்கும்.

— அப்படிச் சொல்லாதடா.

— சொல்லலாமாம். வாயில நுழையாத பேரு வெச்சாலும், என் வியாதி ரெண்டு வியாதி சேர்ந்தது மாதிரி. குரல் கேக்கறது, சந்தேகம் வர்றது ஒரு பக்கம். மனசு திடீர்னு ஏறி, திடீர்னு பாதாளத்துல விழறது இன்னொரு பக்கம். எது வந்தாலும் மூடி வெக்காம பேசிடணும்னு டாக்டரம்மா சொல்லியிருக்காங்க.

— சரி பேசு. நான் எங்க போகப் போறேன்?

— இன்னைக்குப் பழைய சந்தேகம் வந்துடுச்சுக்கா. எனக்குத் தெரியாம எல்லாரும் கூடிப் பேசி ஏதோ ஏற்பாடு பண்றாங்கன்னு. சாப்பிட்டுக் கை கழுவறப்போ அந்த அண்ணன், “அக்கா சௌக்கியமா?”ன்னாரு. எனக்கு அக்கா இருக்குன்னு அங்க ஒருத்தர்கிட்டயும் நான் சொன்னதே இல்ல. ஏன் கத்தரிக்கோல் நின்னுடுச்சு?

— முடி சிக்கிக்கிச்சு.

— முன்னேன்னா தட்ட வீசிட்டு வந்திருப்பேன். இப்போ அப்படி இல்ல. சந்தேகம் வந்தா, நம்பற ஆள் ஒருத்தர்கிட்ட கேட்டுப் பாக்கணுமாம். அதான் கேக்கறேன். நீ அவர்கிட்ட ஏதாச்சும் பேசினியா?

— நானா? எனக்கு வேற வேலை இல்லையா? உனக்கா அப்படித் தோணுதுடா.

— சத்தியமா?

— உன் தலை மேல சத்தியமா.

— அப்போ வியாதிதான். நாளைக்கே போய் மாத்திரையக் கூட்டச் சொல்றேன்.

— எதுக்குடா? போன தடவை கூட்டினப்போ கை நடுங்கி, ரெண்டு மாசம் படுத்தே கெடந்தியே! வேலை என்ன ஆகறது?

— போனாப் போகட்டும். இல்லாதது இருக்கற மாதிரி தெரிய ஆரம்பிச்சிருச்சு. எனக்குப் பயமா இருக்குக்கா.

— வேணாம்டா, வேணாம். நான்தான்.

— என்ன நீதான்?

— போன வாரம் உங்க சலவைக்கூடத்து வாசல்ல நின்னு அவரைப் பிடிச்சேன். “என் தம்பி தனியா சாப்பிடறான், ஒரு நாளாச்சும் கூப்பிடுங்க”ன்னு கெஞ்சினேன். மனசு கேக்கலடா. வியாதியப் பத்தி ஒரு வார்த்தை சொல்லல.

— அப்போ எனக்கு ஒண்ணும் ஆகல. என் புத்தி சரியாத்தான் சொல்லியிருக்கு.

— ஆமாடா. நான்தான் புத்தி கெட்டுப் போய் உன் தலை மேலயே பொய்ச் சத்தியம் பண்ணிட்டேன்.

— கோவம் எல்லாம் இல்லக்கா. இனிமே சந்தேகம் வந்தா நான் யார்கிட்ட போய்க் கேக்கறது?