நேற்றைய கடல்

நான் யாருக்கும் எதையும் அவசரமாகச் சொல்லிக் கொடுப்பதில்லை, ஐயா. கணினி திருத்துகிறவனுக்குப் பொறுமைதான் முதல். வாழைச்சேனையில் என் கடைக்கு வருகிற யாரையும் கேட்டுப் பாருங்கள், நல்ல பெயர்தான் சொல்வார்கள்.

எங்கள் மீனவர் சங்கத்துக் கணினி பழசு. கனமான மென்பொருள் அதில் ஓடாது. ஆகவே டெர்மினல் என்கிற கறுப்புத் திரைக்குள் ஓடும் ஒரு எடிட்டரில்தான் யதுர்ஷன் அன்றாடம் கடல் செய்தியை எழுதுவான். சங்கத்தில் சம்பளத்துக்கு இருப்பவன் அவன் ஒருவன்தான். காற்று எப்படி, போகலாமா கூடாதா என்று எழுதி, மவுஸால் இழுத்துக் கொப்பி பண்ணி, பக்கத்து ஜன்னலில் பேஸ்ட் பண்ணி அனுப்பினால் எல்லாப் படகுக்காரரின் போனுக்கும் போய்விடும். தொலைக்காட்சி என்ன சொன்னாலும் எங்கள் ஆட்கள் அந்தச் செய்தியைத்தான் நம்புவார்கள்.

ஒரு நாள், வாடைக்காற்று எழும்பப் போகிறது, போகாதீர்கள் என்று எழுதினான். அனுப்பியதோ முந்தைய நாள் செய்தி. கடல் அமைதி, போகலாம் என்றிருந்தது. என் தம்பி தனோஜன் போனான். உடம்பு மட்டும் கரையொதுங்கியது.

காரணத்தைக் கண்டுபிடித்தவன் நான்தான். எடிட்டருக்குள் மவுஸ் வேலை செய்தால், இழுத்து எடுப்பது எடிட்டரின் சொந்தப் பைக்குள் போய்விடும். பக்கத்து ஜன்னலோ கணினியின் பொதுப் பைக்குள் கை விடும். அதற்குள் கிடப்பது நேற்றையது. இரண்டு பையையும் ஒன்றாக்க அமைப்புக் கோப்பில் ஒரு வரி வேண்டும். அதை நான் சேர்த்துவிட்டேன். பேஸ்ட் பண்ணும் பெட்டியில் முதல் வரி மட்டுந்தான் தெரியும், அது எல்லா நாளும் ஒரே வணக்கம். ஆனாலும் கீழே இறக்கிப் பார்க்க ஒரு கணம் போதும். அவன் பார்க்கவில்லை.

சங்கக் கூட்டத்தில் மெசினின் பிழை என்று முடித்துவிட்டார்கள். யதுர்ஷன் எங்கள் வீட்டுக்கு வந்து அம்மாவின் காலடியில் இருந்து அழுதான். அம்மா அவனை எழுப்பி, தம்பி சாப்பிடும் பீங்கானில் சோறு போட்டுக் கொடுத்தார்.

"அழாத மனே, நீ வேணுமெண்டு செஞ்சியா?" என்றார்.

அந்தப் பீங்கானைப் பார்க்க எனக்குப் பற்றி எரிந்தது. பெற்றவள் மன்னிக்கலாம், நான் மன்னிக்கவில்லை. அவன் செய்த அதே பிழை, அவன் கையாலேயே, அவன் வீட்டுக்குப் போக வேண்டும் என்று அன்றே முடிவெடுத்தேன்.

பதறிய காரியம் சிதறும் என்பார்கள். அந்தச் சாவுக்குப் பிறகு யதுர்ஷன் ஒவ்வொரு செய்தியையும் எழுத்துக்கூட்டி வாசித்துத்தான் அனுப்புவான். சில நாள் எதிரே தேத்தண்ணிக் கடை வைத்திருக்கும் புஸ்பம் அக்காவைக் கூப்பிட்டும் வாசிக்கச் சொல்வான். அந்தப் பழக்கம் இருக்கும்வரை ஒன்றும் நடக்காது. ஆகவே பின்னேரங்களில் அவனோடு போய் இருந்தேன், தோளில் தட்டினேன்.

"இன்னும் என்னத்துக்குக் கீழ இறக்கிப் பாக்கிறாய்? எடுத்தது அப்பிடியே வரும். என்னை நம்பு தம்பி," என்று சொல்லிக்கொண்டே இருந்தேன்.

அவன் பார்ப்பதை நிறுத்த ஒரு வருஷம் பிடித்தது. அதற்குள் நான் அவனுக்கு அண்ணனாகிவிட்டேன். தனோஜன் இல்லாத குறைக்கு இனி நாங்கள்தான் இவருக்குத் தம்பிமார் என்று தன் தம்பி மதுஷனிடம் சொன்னானாம். மதுஷன் கலியாணம் முடித்துப் பனிச்சங்கேணியில் மனைவி வீட்டோடு இருந்தான்.

அடுத்த வாடையில், மதுஷன் மறுநாள் கடலுக்குப் போக இருந்த பின்னேரம் சங்கத்துக்குப் போனேன். முந்தைய நாள் செய்தி கடல் அமைதி, போகலாம் என்பதுதான். அன்றோ புயல் அறிவித்தல் வந்திருந்தது. எனக்குத் தேத்தண்ணி வாங்க யதுர்ஷன் எதிரே புஸ்பம் அக்காவின் கடைக்குப் போனான். நான் தனியே கணினியில் இருந்ததைக் கண்டதாக அவர் உங்களிடம் சொல்லியிருக்கிறார். அது உண்மை. இரண்டு பையையும் ஒன்றாக்கிய அந்த ஒரு வரியை அழித்துவிட்டு எடிட்டரைப் புதிதாகத் திறந்து வைத்தேன். அவன் வந்து, யாரும் போகாதீர்கள் என்று கவனமாக எழுதினான். இழுத்தான், பேஸ்ட் பண்ணினான், அனுப்பினான். கீழே இறக்கிப் பார்க்கவில்லை. தேத்தண்ணியில் சீனி அளவாக இருந்தது.

பொழுது படுமுன் மதுஷன் என் கடைக்கு வந்தான், திருத்தக் கொடுத்த போனை எடுத்துப் போக. நான் அதை இயக்கிக் கையில் கொடுத்தபோது சங்கத்துச் செய்தி வந்து விழுந்தது. அவன் வாசித்துவிட்டு வெளியே எட்டிப் பார்த்தான்.

"அண்ணன், வானம் ஒரு மாதிரிக் கிடக்கு. போகலாமா?"

"உன்ட அண்ணன்தானே அனுப்பியிருக்கான். அவனை நம்பாம வேற ஆரை நம்பப்போறாய்?"

போன படகுகளில் மற்றவை தட்டுத்தடுமாறித் திரும்பின. மதுஷனின் படகு திரும்பவில்லை. அதில் அழகரத்தினம் மாமாவும் இருந்தார். என் தம்பியின் பாடைக்குத் தோள் கொடுத்தவர். அவருக்காக நான் உண்மையாகவே வருந்துகிறேன். ஆனால் எந்தப் படகில் ஏறுவது என்பது அவரவர் முடிவு.

யதுர்ஷன் இப்போது யாரோடும் பேசுவதில்லை. வலது கையைத் துணியால் சுற்றிக் கட்டி வைத்திருக்கிறானாம், அவிழ்த்தாலும் மறுபடி கட்டிக்கொள்கிறானாம். அவனுக்குச் சோறு ஊட்ட அம்மா தினமும் போகிறார். அதுதான் இன்னும் எனக்கு எரிகிறது.

நீங்கள் கேட்ட கடைசிக் கேள்விக்கு வருகிறேன். ஆரம்பத்தில் அந்த எடிட்டருக்குள் மவுஸ் வேலை செய்யவில்லை. அதனால் இழுத்து எடுத்தது நேரே கணினியின் பொதுப் பைக்குத்தான் போனது, ஒரு பிழையும் வந்ததில்லை. தொட்ட இடத்தில் திருத்த அவனுக்கு வசதியாக இருக்கட்டும் என்று மவுஸை அதற்குள் இயக்கிவிட்டது நான்தான். தனோஜன் கடைசியாகக் கடலுக்குப் போவதற்கு முதல் நாள். கூடவே அந்த இன்னொரு வரியும் வேண்டும் என்று அப்போது எனக்குத் தெரியாது. தெரியாமல் நடந்த ஒன்றுக்காக ஒரு மனிதனைக் குற்றவாளி என்று சொல்லலாமா, ஐயா?