அந்தமானுக்கு ஏற்ற மாதம்

அந்தமானுக்குப் போவதென்றால் தை, மாசியில் போக வேண்டும் சார். ஆனி, ஆடியில் போனால் கடல் கொந்தளிக்கிறது என்று படகை நிறுத்திவிடுவார்கள். ஓட்டல் அறையில் மழையைப் பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டியதுதான். டிக்கெட் மலிவு என்று பலரும் அந்தத் தப்பைச் செய்கிறார்கள். நான் செய்யவில்லை.

நான் சம்பத்குமார். ஒரகடத்தில் லாரிக்கு உதிரிபாகம் செய்யும் ஆலையில் ஓர் உற்பத்தி லைனுக்கு சூப்பர்வைசர். வீடு ஸ்ரீபெரும்புதூர் சன்னதித் தெருவில். எங்கள் குடும்பத்தில் கோயில் கைங்கர்யம் பார்த்தவர்கள்தான் அதிகம். கடல் தாண்டியவர்கள் ஒருவரும் இல்லை. அதனால் ஆலையில் அந்த அறிவிப்பு வந்தபோது எனக்கு உண்மையாகவே சந்தோஷமாக இருந்தது. ஒரு வருடம் விபத்தே இல்லாமல் ஓடுகிற லைனுக்கு, குடும்பத்தோடு அந்தமான் பயணம். செலவு நிர்வாகத்தினுடையது.

திட்டம் போடுவதை என்னிடம் விட்டார்கள். எந்தத் தீவுக்கு எந்தப் படகு, எந்தக் கரையில் அலை அடங்கியிருக்கும், போர்ட் பிளேரில் வெங்காயம் பூண்டு இல்லாத சாப்பாடு எங்கே, எல்லாம் விசாரித்து வைத்தேன். அது கிடைக்காவிட்டாலும் பட்டினி கிடக்க வேண்டாம் என்று என் மனைவி அம்ருதவல்லி புளிக்காய்ச்சல் கிளறத் தயாராக இருந்தாள். சாப்பாட்டு இடைவேளையில் லைன் ஆட்களுக்கு என் போனில் படம் காட்டுவேன். அவர்கள் போனைக் கேட்டிலேயே கொடுத்துவிட வேண்டும். லைனில் என்னிடம் மட்டும்தான் போன் இருக்கும்.

எல்லோரும் வாயைப் பிளந்து பார்ப்பார்கள், சுடலைக்கண்ணு தவிர. அவன் திருச்செந்தூர்ப் பக்கத்துப் பையன்.

"கடல் எங்க ஊர்லயுந்தான் கெடக்கு சார். இதுக்குப் போயி பிளேன் ஏறணுமாக்கும்?"

"அப்ப எதுக்குடா வர்ற?"

"எம் பொண்டாட்டிக்காவத்தான். பிளேன்ல சன்னலத் தெறக்கலாமான்னு தெனமும் கேக்கா."

கல்யாணமான புதிது. மாடத்தி என்று பெயர். குன்றத்தூரில் வாடகை அறையில் இருந்தார்கள். அவளுக்காக நான் சன்னல் ஓர இருக்கை கேட்டு வாங்கினேன். இதை நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டும்.

வருடம் முடியச் சில நாட்களே இருந்தன. மதியச் சாப்பாட்டுக்குக் கொஞ்சம் முன்னால், பின்பக்கமாக வந்த ஃபோர்க்லிஃப்ட் வண்டி சுடலைக்கண்ணுவைத் தூணோடு சேர்த்து அழுத்தியது. ஒரு நொடிதான். வண்டியை எடுத்ததும் அவன் நின்றுகொண்டுதான் இருந்தான். ஒரு சொட்டு ரத்தம் இல்லை. சட்டைகூடக் கிழியவில்லை.

எங்கள் ஆலையில் எழுதாத வழக்கம் ஒன்று உண்டு. தன் காலால் நடந்து கேட்டைத் தாண்டுகிறவனுக்கு உடம்பு சரியில்லை என்று பெயர். தூக்கிக்கொண்டு போனால்தான் விபத்து. ஆம்புலன்ஸ் உள்ளே வந்தால், விபத்தில்லாத நாட்கள் என்று வாசல் பலகையில் இருக்கும் எண் அன்றைக்கே பூஜ்யமாகிவிடும். விரல் நசுங்கிய பலர் கையைப் பேன்ட் பைக்குள் விட்டுக்கொண்டு அந்தக் கேட்டைத் தாண்டியிருக்கிறார்கள். அது நான் கண்டுபிடித்த வழக்கம் இல்லை.

ஷிஃப்ட் நடுவில் ஒருவன் தனியாக வெளியே போனால் கேட்டில் கேள்வி வரும். கூட்டத்தோடு போனால் வராது. அதனால் ஷிஃப்ட் முடியும்வரை அவனை உடை மாற்றும் அறையில் உட்கார வைத்தேன். தண்ணீர் கொடுத்தேன். வாய்வுக்கு ஒரு மாத்திரை கொடுத்தேன். முடிந்தவரை பக்கத்திலேயே இருந்தேன். அவனுக்கு வியர்த்துக்கொண்டே இருந்தது. கை சில்லிட்டிருந்தது.

"சார், வயிறு கல்லு கணக்கா இறுகிக்கிட்டு வருது. ஆம்புலன்ஸக் கூப்பிடுதியளா?"

"ஷிஃப்ட் முடியட்டும்டா" என்றேன்.

மனம் வேறு பக்கம் திரும்பட்டுமே என்று போனில் ஹேவ்லாக் கடற்கரைப் படத்தை எடுத்துக் காட்டினேன். அவன் பார்த்தான் என்றுதான் நினைக்கிறேன்.

லைனில் வேலை செய்யும் சந்திரலேகா இரண்டு முறை வந்து எட்டிப் பார்த்தாள். இரண்டாம் முறை உள்ளேயே வந்துவிட்டாள்.

"டூர் இன்னா சார் டூர்? எங்க யாருக்குமே வோணாம். எல்லாரும் சொல்லிட்டாங்க. மொதல்ல ஆம்புலன்ஸுக்குப் போன் போடுங்க. மூஞ்சியே வெளுத்துப் பூட்ச்சி பாருங்க."

நிர்வாகத்தின் முதலுதவி அறைக்கு ஓடப் போனாள். லைனை விட்டு நகர்ந்தால் ஒப்பந்தத் தொழிலாளர்களுக்கு வேலை போய்விடும் என்று நினைவூட்டினேன். மிரட்டவில்லை, நினைவூட்டினேன். அழுதுகொண்டே திரும்பிப் போனாள். சின்னப் பெண். அந்த நேரத்தில் டூர் வேண்டாம் என்றுதான் தோன்றும், பிறகு வருத்தப்படுவாள். அவர்களுக்காக ஒருவராவது நிதானமாக இருக்க வேண்டும் அல்லவா.

ஷிஃப்ட் முடிந்ததும் அடையாள அட்டையை நானே அவன் கழுத்தில் மாட்டிவிட்டேன். "கேட் வரைக்கும் நிமிர்ந்து நட, அது போதும்" என்றேன். நடந்தான். செக்யூரிட்டியைப் பார்த்துத் தலைகூட ஆட்டினான். எப்போதும் சொன்ன பேச்சைக் கேட்கிற பையன். கம்பெனி பஸ்ஸில் சன்னல் ஓரமாக உட்கார வைத்தேன். குன்றத்தூர் வந்ததும் எழுப்பியிருக்கிறார்கள். எழுந்திருக்கவில்லை.

வாசல் பலகையில் மறுநாள் ஒரு நாள் கூடியது.

மாடத்தியைப் போய்ப் பார்த்தேன். "நீங்கதான் கூட இருந்தியளாம். அவிய ஏதும் சொன்னாவளா சார்?" என்று கேட்டாள். உன்னைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தான் அம்மா என்றேன். ஆம்புலன்ஸ் கேட்டதைச் சொல்லவில்லை. அந்த வேதனை அவளுக்கு எதற்கு? எனக்கு அழுகை வரும் என்று நானும் காத்திருந்தேன். வரவில்லை. இன்றுவரை வரவில்லை. அது என்னிடம் உள்ள குறைதான், ஒப்புக்கொள்கிறேன்.

சந்திரலேகா ஸ்டேஷனுக்கு வந்து உங்களிடம் சொன்னதில் எனக்குக் கோபம் இல்லை. அவள் சொன்னது எல்லாம் சரி. அவள் சொல்லாமல் விட்டதை நான் சொல்கிறேன். லைன் ஆட்களுக்கு முதலுதவி வகுப்பு எடுப்பவன் நான்தான். அடிபட்டவனுக்கு வெளியே ரத்தம் இல்லை, வயிறு இறுகுகிறது, கை சில்லிடுகிறது என்றால் உள்ளே ரத்தம் கசிகிறது, ஒரு நிமிடம்கூடத் தாமதிக்கக் கூடாது என்று அவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தவன் நான். அவன் கையைப் பிடித்தபோதே எனக்குத் தெரிந்துவிட்டது. கூப்பிட்டிருந்தால் பிழைத்திருப்பான். தெரிந்தேதான் கூப்பிடவில்லை. கொன்றது நான் என்று எழுதிக்கொள்ளுங்கள், ஆட்சேபணை இல்லை. எனக்காகச் செய்தேன் என்று மட்டும் எழுதாதீர்கள். என் லைனுக்காகச் செய்தேன்.

மாசியில் போய்வந்தோம். லைனிலிருந்து ஒருவரும் வரவில்லை. நானும் என் குடும்பமும் மட்டும்தான். கடல் படத்தில் பார்த்த அதே நிறத்தில் இருந்தது. விமானத்தில் எங்களைச் சுற்றி இருக்கைகள் காலியாகக் கிடந்தன. மாடத்திக்கென்று கேட்டு வாங்கிய சன்னல் ஓரம் வீணாகக் கூடாது என்று அதில் நான் உட்கார்ந்துகொண்டேன்.