அணைக்கக் கூடாத போன்

மேசைமேல் இருக்கிற உங்கள் போனை ஒரு துணியால் துடைத்துவிட்டால் நல்லது, இன்ஸ்பெக்டர் மேடம். தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அடுத்தவர் கன்னத்துப் பிசுக்கு கண்ணாடியில் ஒட்டியிருப்பதைப் பார்த்தாலே எனக்குக் குமட்டும்.

என் வேலை அப்படி. திருத்தணியில் பரந்தாமன் முதலாளியின் புடவைக் கம்பெனியில், ஆட்களுக்குக் கொடுத்திருக்கும் போன்களைப் பாதுகாப்பவன் நான். அந்தப் பிள்ளைகள் அம்மையார்குப்பம், ஆர்.கே.பேட்டை என்று தறி தறியாகப் போய்ப் புது டிசைன்களைப் படமெடுத்து அனுப்புவார்கள். ஒரு படம் கசிந்தால் போதும், நம் புடவை கடைக்கு வருவதற்குள் வேறொருவன் அதையே விற்றுக்கொண்டிருப்பான். போன தீபாவளி அப்படித்தான் நாசமாகப் போனது.

"போன் எவன் கைல கீது, எங்க போவுது, எல்லாம் உனக்குத் தெரியணும் எழிலா" என்றார் முதலாளி. செய்துவிட்டேன். எந்தப் போன் எங்கே இருக்கிறது என்று என் கம்ப்யூட்டரில் தெரியும். தொலைந்த போனைத் தேட ஒரு சைரனும் வைத்தேன். சத்தத்தைக் குறைத்து வைத்திருந்தாலும் கத்தும், நான் நிறுத்தினால்தான் நிற்கும். போனுக்குப் பக்கத்தில் பேசுவது எனக்குக் கேட்கிற மாதிரி செய்தது மட்டும் என் சொந்த யோசனை. முதலாளிக்குத் தெரியாது. கூடுதல் பாதுகாப்பில் என்ன கெடுதல்?

கேட்டால்தான் தெரியும் மேடம், மனிதர்கள் எவ்வளவு அசிங்கம் என்று. காறித் துப்புவார்கள், சப்புக்கொட்டித் தின்பார்கள், முதலாளியை நாற அடிப்பார்கள், அடுத்த நிமிடம் பெண்டாட்டியிடம் குழைவார்கள். கருமம், எனக்குச் சோறு இறங்காது. இருந்தும் தினமும் கேட்டேன். பொறுப்பு என்று ஒன்று இருக்கிறதே.

படமெடுக்கப் போகும் பிள்ளைகளில் கல்பனா மட்டும் அப்படியில்லை என்றுதான் நினைத்திருந்தேன். 'கம்பெனி போனை அணைக்கக் கூடாது, அணைத்தால் திருடியதாக அர்த்தம்' என்று எல்லோரிடமும் சொல்வேன். மற்றதுகள் முதுகுக்குப் பின்னால் சிரிக்கும். அவள் ஒருத்திதான் அதை அப்படியே கேட்டு நடந்தாள். ஒரு கிருத்திகைக்கு மலையேறிவிட்டு வந்து அவளுக்குப் பஞ்சாமிர்தம் கொடுத்தேன். சிரித்த முகமாக வாங்கிக்கொண்டாள். மத்தியானம், எங்கள் வண்டி ஓட்டும் வளவனிடம் அவள் பேசுவது கேட்டது.

"இந்தா, நீயே துன்னு. அந்தாளு கை பட்டத நினைச்சாலே எனக்கு உவ்வேனு வருது."

அதை மனதில் வைத்துக்கொண்டு நான் எதுவும் செய்யவில்லை. அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

வளவன் வேறு சாதி. அவர்கள் கல்யாணத்துக்குக் கல்பனாவின் அண்ணன் தேசப்பன் ஒத்துக்கொள்ளவில்லை. இரண்டு பேரும் ஓடிப்போனார்கள். ஓடிப்போன அன்று காலையில் எனக்கே போன் செய்தாள்.

"சார், நான் இனிமே வேலைக்கு வரமாட்டேன். கம்பெனி போன் என்கிட்ட கீது. நான் திருடிகினு போயிட்டேன்னு யாரும் சொல்லக் கூடாது சார். யார் கைல குடுக்கட்டும்?"

"நானே ஆள் அனுப்பி வாங்கிக்கிறேம்மா. அணைச்சிடாத."

"சரிங்க சார். எங்கண்ணன்கிட்ட மட்டும் சொல்லிடாதீங்க. வெட்டிடுவான்."

அப்போதும் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் ஒரு சார். முதுகுக்குப் பின்னால் உவ்வே, முன்னால் சார். அந்த மரியாதையைக் கேட்கத்தான் எனக்கு அருவருப்பாக இருந்தது.

மத்தியானம் தேசப்பன் ஆபீசுக்கு வந்தான். வியர்வை நாற்றம் தாங்கவில்லை. இடுப்பில் என்ன செருகியிருந்தான் என்று பார்த்தேன். பார்க்கவில்லை என்று பொய் சொல்ல மாட்டேன். தங்கை எங்கே என்று கேட்டான். உன் தங்கையைப் பற்றி எனக்கென்ன தெரியும், கம்பெனி போன் அம்மையார்குப்பத்தில் கடைசித் தெரு பவர்லூம் கொட்டகைகளில் எங்கேயோ இருக்கிறது என்றேன். போனைப் பற்றி மட்டும்தான் சொன்னேன்.

அவன் அங்கே போய்ச் சேரும் நேரத்துக்கு ஹெட்போனை மாட்டிக்கொண்டேன். முதலில் தறிச் சத்தம். பிறகு ஒவ்வொரு தறியாக நின்றது. அவன் நிறுத்தச் சொல்லியிருக்க வேண்டும். வளவன் சாப்பாடு வாங்கப் போயிருந்தான் போல, ஒளிந்திருந்த அவள் மூச்சு மட்டும்தான் கேட்டது. மூக்கை உறிஞ்சினாள், சீ.

"இங்க யாரும் வர்ல நைனா. வேற எங்கனா போய்ப் பாரு" என்றது தறிக்காரர் குரல். காலடிகள் தள்ளிப் போயின. பைக் கிளம்பும் சத்தமும் கேட்டது. "முருகா" என்றாள் அவள், வாய்க்குள்ளேயே.

உடனே தேசப்பன் எனக்குப் போன் செய்தான். "எல்லாக் கொட்டாயும் பாத்துட்டேன். ஒன்னும் காணோம். இன்னா சார், வெளையாடுறியா?"

"வண்டிய நிறுத்திட்டுச் சும்மா நில்லு. கேக்கும்" என்றேன்.

சைரனை அழுத்தினேன். அங்கே நடந்ததெல்லாம் சத்தத்திலேயே புரிந்தது. அவள் அதைப் பொத்தினாள், நூல் மூட்டைக்குள் திணித்தாள், மறுபடி வெளியே எடுத்தாள். பிறகு அதனிடமே பேசினாள். "சார், நீங்களா சார்? நிறுத்துங்க சார். வந்துகினு கீறான் சார்."

நிறுத்தாமல் விட்டேன் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள், மேடம். தேசப்பன் அவள் முடியைப் பிடித்து இழுத்ததும் நிறுத்திவிட்டேன். போன் கிடைத்துவிட்டது, அதற்குமேல் அந்தச் சத்தம் எதற்கு.